மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்கு வந்த 12 பொருட்கள்: ஒரு மழைக்காலக் கணக்கு

பம்பாய் மாட்டுங்காவில் பெரியம்மா 46 வருடம் குடியிருந்த வீட்டைச் சென்ற ஜனவரியில் காலி செய்தோம். கட்டடம் ரீடெவலப்மென்டுக்குப் போகிறது. புது வீடு கைக்கு வரும்வரை செம்பூரில் அண்ணா வீட்டில்தான் வாசம். அண்ணா வீடு ஒரு பெட்ரூம், ஹால், கிச்சன். கார்ப்பெட் ஏரியா 410 சதுர அடி. அதில் ஏற்கெனவே அண்ணா, மன்னி, எட்டாவது படிக்கும் பெண், அவளுடைய கீபோர்டு. பெரியம்மாவோடு கிளம்பத் தயாராக இருந்ததோ இரண்டு டெம்போ சாமான்.

பழைய சாமான் வாங்கும் பங்கார்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் தராசில் ஏற்றிவிடலாம் என்றான் அண்ணா. பெரியம்மா பதில் பேசவில்லை. டிரங்குப் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் அண்ணாவும் பேசவில்லை. கடைசியில் மன்னிதான் வழி சொன்னாள்: “எது வேணும்னாலும் வரட்டும். ஆனா வந்தா அது ஏதாவது வேலை பார்க்கணும். சும்மா அழகுக்கு நிக்கறதுக்கு இங்க இடம் இல்லை.”

பழைய சாமானை வெட்டி ஒட்டி வேறொன்றாக்கும் பைத்தியம் எனக்கு உண்டு என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. டிரங்குப் பெட்டி, இரண்டு ஊறுகாய் ஜாடி, ஈயச் சொம்பு, தேக்கு ஜன்னல் கதவு ஒன்று, முறம், காகிதக் கூழ் கூடை, ஆறு கண்ணாடி பாட்டில் (ஒரு செட்டாகவே கணக்கு), அரிசி அளக்கும் இரும்புப் படி, ஒரு மூட்டை மஞ்சப்பை, ஒரு மூட்டை நூல் புடவை, கிழிந்த பட்டுப்புடவை ஒன்று. ஆக 12. எதை என்னவாக மாற்றினோம், என்ன செலவு, மழைக்காலம் முடிந்தபோது எது மிஞ்சியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டுதான் இது.

மழையை ஏன் அளவுகோலாக வைத்தேன் என்று பம்பாய்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாந்தாகுரூஸ் பக்கம் சராசரியாக 2,000 மி.மீ.க்கு மேல் கொட்டும். நான்கு மாதம் துணி காயாது, பீரோ கதவு உப்பிக்கொள்ளும், தோல் செருப்பில் பூசணம் பூக்கும். பிப்ரவரியில் எடுத்த போட்டோவில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஆகஸ்டில் என்ன ஆனது என்று யாரும் காட்டுவதில்லை.

பாட்டி காலத்து வேலைதான்

வேலையைத் தொடங்கும்போது பெரியம்மா கேட்டாள்: “இதுக்கெல்லாம் ஒரு பேர் வெச்சு, கிளாஸ் வேற எடுக்கறாளாமே?” அவள் கேட்டது நியாயம். ஒரு நூல் புடவை நம் வீடுகளில் எத்தனை பிறவி எடுக்கும்! புடவை, பிறகு பிள்ளைக்குத் தூளி, பிறகு தலையணை உறை, பிறகு அடுப்படியில் பிடிதுணி, கடைசியில் வாசல் மிதியடி. கொலுப்படியை இன்று ஸ்டீலில் மடக்கி விற்கிறார்கள். முன்பு டிரங்குப் பெட்டி, எண்ணெய் டின், பலகை, கணக்குப் புத்தகம் என்று உயரத்துக்கு ஏற்றபடி அடுக்கி மேலே வேட்டியை விரித்துவிடுவார்கள். கீழே பார்க்கில் முகம் பார்க்கும் கண்ணாடிதான் குளம், கேழ்வரகு முளைதான் புல்வெளி. இந்த வேலையில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பழைய வித்தைகள் வெயில் அடிக்கும் ஊருக்கானவை என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

டிரங்குப் பெட்டி

பெரியம்மா கல்யாணமாகி ரயிலேறி வந்த பெட்டி. முன்பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் பெரியப்பாவின் இனிஷியலும், அதன் கீழே ‘பம்பாய் வி.டி.’ (விக்டோரியா டெர்மினஸ் ஸ்டேஷன்) என்றும் எழுதியிருந்தது. ஹாலில் சோபாவுக்கு இடம் கிடையாது. ஆகவே பெட்டிக்குக் கொடுத்த வேலை: மேலே இரண்டு பேர் உட்கார வேண்டும், உள்ளே ரஜாய் என்கிற கனத்த போர்வையும் விருந்தாளி தலையணையும் இருக்க வேண்டும்.

நான் செய்த முதல் தப்பு, மூடியின் மேல் நேராகப் பஞ்சு மெத்தையைப் போட்டது. தகரம் மெல்லியது. அண்ணா உட்கார்ந்ததும் ‘டொம்’ என்று உள்வாங்கியது, எழுந்ததும் மறுபடி ‘டொம்’. இரண்டு நாள் வீட்டில் அதுவே விளையாட்டாக இருந்தது. மூன்றாம் நாள் கீல் பக்கம் தகரம் மடிந்துவிட்டது. பிறகுதான் யோசித்தேன். பெட்டியில் பலமான இடம் அதன் நான்கு ஓரங்கள், மூடியின் நடுப்பகுதிக்குப் பலமே கிடையாது. 12 மி.மீ. பிளைவுட் பலகையை மூடியைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, அடியில் நான்கு பக்கமும் மரச்சட்டம் அடித்து, சட்டம் பெட்டியின் ஓரத்தில் மட்டும் உட்காரும்படி வைத்தோம். இப்போது எடை நேராகப் பக்கச் சுவர்களில் இறங்குகிறது, மூடிக்கு வேலையே இல்லை.

துருவுக்குப் பொறுமை வேண்டும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, 80 நம்பர் எமரி பேப்பர் போட்டு, தின்னர் தொட்ட துணியால் துடைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு அடித்துவிட வேண்டும். ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டால், செம்பூர்க் காற்றுக்கு ஒரே ராத்திரி போதும், திரும்பவும் செம்மண் நிறம் எட்டிப் பார்க்கும். அடிப்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். யார் கண்ணிலும் படாத அந்த இடத்தில்தான் துரு தொடங்கும். தரையைத் துடைக்கிற தண்ணீர் அங்கேதான் தங்குகிறது. நான்கு மூலையிலும் ரப்பர் புஷ் வைத்து அரை அங்குலம் தூக்கினோம். முன்பக்க எழுத்துகளுக்குப் பெயின்ட் அடிக்கவில்லை, துருவை மட்டும் சுரண்டிவிட்டுத் தெளிவான லாக்கர் பூசினேன். மழைக்குப் பிறகு திறந்து பார்த்தபோது உள்ளே ரஜாய் காய்ந்தே இருந்தது. கொஞ்சம் நாப்தலின் வாசனை, அவ்வளவுதான். விருந்தாளிகள் ‘வி.டி.’ என்ற எழுத்தைப் பார்த்ததும் பெரியம்மாவிடம் ரயில் கதை கேட்கிறார்கள். மன்னி கணக்கில் இது உபரி வேலை.

ஈயம், இன்னொரு ஈயம்

ஜன்னல் கதவு நல்ல பர்மா தேக்கு. பழைய பம்பாய்க் கட்டடங்களில் அதைத்தான் போட்டார்கள். இடிக்கும்போது பிரித்தெடுத்த கதவுகளும் சட்டங்களும் ஜோகேஸ்வரி பக்கத்து மரக்கடைகளுக்குப் போய் நல்ல விலைக்கு விற்கின்றன. எங்கள் பங்குக்கு ஒரு கதவைக் கேட்டு வாங்கினோம். சுவரில் மடக்கி வைக்கும் படிப்பு மேசையாக மாற்றுவது திட்டம்.

மிஸ்திரி வந்தார், மெஷினை எடுத்தார், ‘கிர்ர்’ என்று தேய்க்கத் தொடங்கினார். பச்சைப் பெயின்டுக்குக் கீழே கிரீம், அதற்குக் கீழே நீலம் என்று பொடி பறந்தது. பக்கத்திலேயே குழந்தை நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் பிளக்கைப் பிடுங்கினேன். அவருக்குக் கோபம்.

காரணம் இதுதான். பழைய எனாமல் பெயின்டில் காரீயம் இருக்கும். வீட்டுப் பெயின்டில் அது 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. 46 வருடக் கதவில் சந்தேகம் என்ன, இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொடி நுரையீரல் வழியாகவும், கையிலிருந்து வாய்க்கும் போகும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் மூளைக்குத்தான் கெடுதல் அதிகம். ஆகவே வேலையை மொட்டை மாடிக்கு மாற்றினோம். என்95 மாஸ்க், வாட்டர் பேப்பர், ஒரு பக்கெட் தண்ணீர். ஈரமாகத் தேய்த்தால் பொடி பறக்காது, சேறாக இறங்கும். அதை வழித்துப் பையில் கட்டி அப்புறப்படுத்தினோம். ஹீட் கன் பக்கமே போகவில்லை, சூட்டில் காரீயம் புகையாகக் கிளம்பும். அரை நாள் வேலை மூன்று நாள் ஆனது. அடியில் தெரிந்த தேக்கின் தேன் நிறத்தைப் பார்த்ததும் மிஸ்திரிக்கே கோபம் போய்விட்டது.

மேலே ஆளிவிதை எண்ணெய் பூசினோம். அந்த எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. காய்கிறபோது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளலாம். கொடியில் விரித்துக் காய வைத்துத்தான் குப்பையில் போட வேண்டும். நீளத்துக்குப் பியானோ கீல், இரண்டு மடக்குக் கால், பள்ளமாக இருந்த பலகையின் மேல் 5 மி.மீ. கண்ணாடி. மேசையை மடக்கினால் சுவரில் வெறும் ஜன்னல்போலத் தெரிகிறது. பழைய கொக்கியையும் விட்டுவைத்தோம்.

இப்போது அந்த இன்னொரு ஈயம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் புழங்குவதால் குழப்பம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், விஷம் என்பது காரீயம். பெரியம்மாவின் சொம்பில் சின்ன மெழுகுவத்தி வைத்தால் அழகாக இருக்கும் என்று எனக்கு ஆசை. சொன்னதுதான் தாமதம்.

“ரசச் சொம்புல மெழுகுவத்தியா? உருகிப் போய்டும்டி, அசடே!”

அவள் சொன்னது சரி. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். காலிச் சொம்பை மறதியாக அடுப்பில் வைத்து, அடி ஓட்டையானதும் கண்ணீர் விட்ட மாமிகள் மாட்டுங்காவில் நிறைய உண்டு. உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது, அதனால்தான் அது அடுப்பில் பிழைக்கிறது. மலிவுச் சொம்பில் காரீயம் கலந்திருக்கலாம் என்ற பயம் எனக்கு இருந்ததால் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்தோம். நல்ல சொம்புதான் என்று வந்தது. அதோடு என் அலங்கார யோசனை முடிந்தது. மன்னி அதுவரை ஸ்டீல் பாத்திரத்தில்தான் ரசம் வைப்பாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை ரசம் சொம்பில்தான்.

ஜாடி வேர்த்தது

பழுப்பும் வெள்ளையுமான பீங்கான் ஜாடி. இங்கே பரணி என்பார்கள். இரண்டையும் மேசை விளக்காக்க நினைத்தேன். முதல் ஜாடிக்கு நானே டிரில் பிடித்தேன். டைமண்ட் பிட், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், மெதுவான சுழற்சி எல்லாம் சரியாகவே செய்தேன். மெஷினில் ஹேமர் சுவிட்சை அணைக்க மட்டும் மறந்துவிட்டேன். சத்தம் வந்த வேகத்தில் ஜாடி மூன்றாகிவிட்டது. 30 வருட ஆவக்காய் வாசனை ஹால் முழுக்கப் பரவியது. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

இரண்டாவது ஜாடியில் ஓட்டையே போடவில்லை. வாய்க்கு ஏற்ற மர மூடி செய்து அதன் மேல் ஹோல்டரைப் பொருத்தி, மூடியின் ஓரத்தில் சிறு பள்ளம் வெட்டி வொயரை வெளியே எடுத்தோம். ஆடாமல் நிற்க உள்ளே மூன்று கிலோ கூழாங்கல். 9 வாட் எல்.இ.டி. பல்ப் என்பதால் சூட்டுக்குப் பயமில்லை. ஜாடி பீங்கான் என்பது இதில் இன்னொரு சௌகரியம். பித்தளைக் குடத்திலோ தகர டின்னிலோ இதைச் செய்தால் மூன்று பின் பிளக்கும் எர்த் வொயரும் கட்டாயம் வேண்டும்.

ஜூலை இரண்டாவது வாரத்தில் மன்னி போன் செய்தாள். “உன் விளக்கு வேர்க்கறது.” போய்ப் பார்த்தால் ஜாடிக்கு அடியில் ஈர வளையம், மேசை விரிப்பில் வெள்ளைப் பொடி. நக்கிப் பார்த்த அண்ணா மகள் சொன்னாள், உப்பு! பல வருடம் உப்பும் காரமும் ஊறிய ஜாடி. மேலே பளபளப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள், அடியில் பூச்சே இல்லாத வளையம். அவற்றின் வழியாக உப்பு மண்ணுக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்திருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையும், காற்று காய்ந்தால் மறுபடி பொடியாகும். விளக்கைக் கழற்றி, ஜாடியைப் பத்து நாள் பக்கெட்டில் மூழ்க வைத்துத் தினமும் தண்ணீரை மாற்றினோம். ஆகஸ்டில் வேர்க்கவில்லை. பழைய ஊறுகாய் ஜாடியை எதற்கு எடுத்தாலும் முதலில் இந்த ஊறல் வேலையை முடித்துவிடுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

பரண் திரை, கோதடி

எனக்கு மிகவும் பிடித்தது மஞ்சப்பைதான். ஊரில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் போய்விட்டுத் தாம்பூலப் பையோடு ரயிலேறி வந்து, பெரியம்மா அதை மடித்து வைத்திருக்கிறாள். மொத்தம் 63. தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியபோது, அதைத் திரும்பக் கொண்டுவரும் தேவையே இல்லாமல் இருந்த வீடு இது.

அதில் எழுத்து அழியாத 20 பைகளைப் பிரித்து, நாலுக்கு ஐந்தாக ஒட்டுப் போட்டு, பின்னால் பழைய வேட்டியைக் கொடுத்து, லாஃப்டுக்குத் திரை தைத்தோம். தைத்தவர் தாராவி 90 அடி ரோட்டருகே கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். பைகளைப் பார்த்ததும், “யக்கா, இதுல எங்கூரு மண்டபம் ஒண்ணு இருக்கு” என்று ஒரு பையைத் தனியே எடுத்து நடுவில் வைத்துக்கொண்டார். மஞ்சள் சாயம் விடும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் நிற்கும் என்றார்கள், நிற்கவில்லை. சாயம் போனபிறகு உப்பு அதைப் பிடித்து வைக்காது. தண்ணீர் தெளியும்வரை நாலைந்து தரம் அலசுவதுதான் வழி. அயர்ன் செய்யும்போது எழுத்து இருக்கும் பக்கத்தில் பெட்டியை வைத்துவிடாதீர்கள், மணமகன் பெயர் அயர்ன் பெட்டியோடு வந்துவிடும். எங்களுக்கு ஒரு மணமகன் அப்படிப் போனார்.

சூட்கேஸ்கள் மறைந்தன, அதுதான் திரையின் வேலை. வருகிற சொந்தக்காரர்கள் அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிடுகிறார்கள். யார் கல்யாணம், எந்த வருடம், சாப்பாடு எப்படி என்று பேச்சு நீளும். ஒரு பையில் இருந்த ஜோடி இப்போது ஒன்றாக இல்லை. அதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “கல்யாணம் நடந்தது நிஜம்தானே” என்றாள் பெரியம்மா. அது அங்கேயே இருக்கிறது.

நூல் புடவைகளை எதிர் வீட்டு மராத்தி மாவ்ஷி எடுத்துக்கொண்டார். இங்கே பழம்புடவைகளை அடுக்கி, ஓட்டுத் தையலாகக் கையாலேயே தைத்துக் கோதடி செய்வார்கள். நான்கு புடவை உள்ளே, சுங்குடி மேலே. மாவ்ஷி ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சதுரம் சதுரமாகத் தைத்துக்கொண்டு வந்தார். பெரியம்மா எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். அவளுக்கு மராத்தி அரைகுறை, அவருக்குத் தமிழ் ‘சாப்பாடு ஆச்சா’ வரைக்கும். ஐந்து வாரம் மதியங்கள் ஓடின. செலவு நூலுக்கு 200 ரூபாய். மாட்டுங்காவை விட்டு வந்த பிறகு பெரியம்மா சிரித்துப் பேசத் தொடங்கியது அந்த மதியங்களில்தான் என்று மன்னி சொல்கிறாள். நோட்டில் இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போனவை, இடம் மாறியவை

முறத்தில் சின்னக் கோலம் வரைந்து சுவரில் மாட்டினேன். காகிதக் கூழ் கூடை கதவருகே சாவி போட. இரண்டும் வெந்தயப் பூச்சு. காகிதத்தை ஊறவைத்து வெந்தயத்தோடு அரைத்து, முறத்தில் மெழுகுவார்கள், பானைமேல் அப்பிக் கூடையாகவும் எடுப்பார்கள். வெந்தயத்தின் வழவழப்பு காகித நாரைப் பிடித்துக்கொள்ளும், கசப்புக்குப் பூச்சி அவ்வளவாக வராது. தஞ்சாவூர் வெயிலில் அது பல வருடம் இருக்கும். செம்பூர் ஜூலையில் மூன்று வாரம் இருந்தது. முதலில் சாம்பல் புள்ளி, பிறகு பச்சை. முன்பக்கம் வார்னிஷ் அடித்திருந்தேன், சுவரைப் பார்த்திருந்த பின்பக்கத்துக்கு அடிக்கவில்லை. ஈரம் அந்த வழியாகத்தான் வந்தது. பின்பக்கமும் அடித்திருந்தால் பிழைத்திருக்குமா என்றால், இந்த மழைக்குச் சந்தேகம்தான். முறம் தவிடு புடைக்கவும் பயன்படவில்லை, அலங்காரமாகவும் நிற்கவில்லை.

பாட்டில்களில் மணி பிளான்ட் வைத்து ஜன்னல் கிரில்லில் கட்டியிருந்தேன். ஆகஸ்டில் ஒரு பாட்டிலில் கொசுப்புழு நெளிந்தது. டெங்கு கொசு தேடுவதே இப்படிப்பட்ட தெளிந்த, அசையாத தண்ணீரைத்தான். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றிப் பாட்டிலின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ முடிகிறவர்கள் மட்டும் வைக்கலாம். மன்னியால் முடியவில்லை. செடிகள் மண்ணுக்குப் போயின, பாட்டில்கள் சமையலறையில் பருப்புக்குப் போயின. இரும்புப் படியை பாத்ரூமில் பிரஷ் ஸ்டாண்டாக வைத்தது என் சொந்த முட்டாள்தனம். துரு வளையம் போக எலுமிச்சை தேய்க்க வேண்டியிருந்தது. இப்போது அது அடுப்படியில் கரண்டி தாங்குகிறது.

நோட்டின் கடைசிப் பக்கம்

செலவு: டிரங்குப் பெட்டிக்கு ரூ.1,900, மேசைக்கு ரூ.3,400, விளக்குக்கு ரூ.650, திரைக்கு ரூ.900, கோதடிக்கு ரூ.200. ஆக ரூ.7,050. உடைந்தது, பூத்தது, துருப்பிடித்தது வகையில் வீணானது ரூ.1,150. சொம்புப் பரிசோதனையை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அது என் பயத்துக்கான செலவு.

12-ல் கொடுத்த வேலையிலேயே தொடர்பவை ஐந்து: பெட்டி, மேசை, ஜாடி விளக்கு, திரை, கோதடி. சொம்பு, பாட்டில், படி மூன்றும் தாங்களாகவே வேறு வேலை தேடிக்கொண்டன. ஜாடி ஒன்று, முறம், கூடை போய்விட்டன. உருவத்தைப் பார்த்து நான் முடிவெடுத்தவைதான் பெரும்பாலும் கவிழ்ந்தன. எந்தப் பொருளை மன்னி தினமும் கையால் தொடுகிறாளோ அதில் பூசணம் வரவில்லை. முறத்தை மாட்டிய பிறகு யாரும் தொடவே இல்லை.

மிச்சம் பட்டுப்புடவை. உடல் மடிப்பு மடிப்பாக இற்றுப் போயிருந்தது, சரிகைக் கரை மட்டும் அப்படியே இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் எட்டு மாதம் டிரங்குப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. நவராத்திரிக்கு முதல் நாள் பெரியம்மா கரையைக் கத்தரித்து நீளமாகத் தைத்துக் கொண்டுவந்தாள். கொலுப்படியின் முன்பக்கத்துக்காம். சரி, படி எங்கே என்று கேட்டேன். அவள் பிளைவுட் பலகையை எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, மெத்தையைப் பரணில் ஏற்றச் சொன்னாள். பெட்டியைச் சுவரோரம் தள்ளி, மேலே எண்ணெய் டின், அதன் மேல் கீபோர்டு டப்பா, வேட்டி, பட்டுக்கரை. ‘பம்பாய் வி.டி.’க்கு மேல் மரப்பாச்சி நின்றது.

ஒன்பது நாளும் வந்தவர்கள் எல்லாரும் கோதடியை விரித்துத் தரையில்தான் உட்கார்ந்தோம்.